மாடியறைக்கு எட்டாத வைஃபை: புது ரவுட்டருக்கு முன்னால் ஒரு வயர்

வேலூர் சத்துவாச்சாரியில் தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட சொந்த வீடு. உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் வழியாக எடுத்த 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அவர் கொடுத்த ஒரே பெட்டி கீழே ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. மாடியில் பின்பக்க அறையில் மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அங்கே வேகம் 8, 10க்கு மேல் ஏறுவதில்லை. மாலையானால் வீடியோ அழைப்பு அறுந்துபோகிறது. கடையில் ஆறு ஆன்டெனா உள்ள வைஃபை 7 ரவுட்டரைக் காட்டி 12,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிகூடச் செலவழிக்காமல் உங்கள் மாடியறைக்கு நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கொண்டுபோக முடியும். அதற்குத் தேவைப்படுவது கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் வயரும், அந்த வயரின் மறுமுனையில் ஒரு சாதாரண வைஃபை 6 பெட்டியும்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், வேறு வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் எந்தச் சூழலில் என் முடிவு மாறும் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

முதலில், குறை எங்கே இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ரவுட்டர் மாற்றியவர்களில் பலர் அதே குறையோடுதான் இருக்கிறார்கள். மகனுடைய லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ஆபரேட்டர் கொடுத்த பெட்டியில் லேன் வயரால் நேரடியாகச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். 180க்கு மேல் வந்தால் ஃபைபர் இணைப்பில் பழுதில்லை. சரியாக 93, 94 என்று வந்து நின்றால், பெட்டியிலோ லேப்டாப்பிலோ உள்ள லேன் துளை 100 எம்பிபிஎஸ் வகை என்றோ, வயரில் உள்ள எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது என்றோ பொருள். வேகம் அதைவிடவும் மோசமாக இருந்தால் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் பயன்படும் ஜிபான் என்ற ஃபைபர் வகைப் பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரைதான் ஒளியை நம்பகமாகப் படிக்கும் (டிபிஎம் என்பது ஒளியின் வலுவை அளக்கும் அலகு, மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் கூடக்கூட ஒளி பலவீனம்). உங்கள் பெட்டி மைனஸ் 26 என்று காட்டினால், தெருக்கம்பத்திலோ வீட்டு வாசலிலோ ஃபைபர் எங்கேயோ மடங்கியிருக்கிறது என்று ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். அது அவர் செய்ய வேண்டிய வேலை. எந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது.

இரண்டாவது சோதனை மாலையில், அழைப்பு அறுந்துபோகும் அதே நேரத்தில், அதே அறையில் செய்ய வேண்டியது. லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னல்களாகத் திறந்து, ஒன்றில் பெட்டியின் சொந்த முகவரிக்கும் (பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 என்பது போல அச்சிட்டிருப்பார்கள்), இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் கட்டளையை (அந்த முகவரியிலிருந்து பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று காட்டுவது) தொடர்ந்து ஓடவிடுங்கள். முதல் ஜன்னலிலேயே 3, 4, 210, 5, 640 என்று எண்கள் தாவினாலோ, இடையிடையே பதிலே வராமல் போனாலோ, பிரச்சினை உங்கள் வீட்டுக்குள், காற்றில் இருக்கிறது. முதல் ஜன்னல் அமைதியாக 3, 4 என்று ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது மட்டும் தாவினால், மாலை நெரிசலில் ஆபரேட்டரின் பக்கம் திணறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இந்தப் பத்து நிமிடச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இனி மாடியறைக்கு ஏன் எட்டவில்லை என்பதற்கு வருவோம். வைஃபை பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிச் செல்லும், ஆனால் இடம் குறுகலானது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான் அதில் உண்டு. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், அதிலும் இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்தப் பட்டையின் பெரும்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்த பிறகு இன்னும் தாராளம். ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அந்த அலைவரிசையைப் பெரிதும் விழுங்கிவிடும். உங்கள் வீட்டில் டிவிக்கு மேல் மாட்டிய பெட்டிக்கும் மாடியின் பின்பக்க அறைக்கும் இடையே அலை சாய்வாகப் போக வேண்டியிருப்பதால், தளத்தின் கனத்தையும் சுவரின் கனத்தையும் அது குறுக்காகக் கடக்கிறது. நேராகக் கடப்பதைவிடச் சாய்வாகக் கடக்கும்போது தடிமன் கூடுதல். நடுவில் இரும்பு பீரோவோ, பெரிய நிலைக்கண்ணாடியோ, குளியலறையின் தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே அந்த லேப்டாப் 5 ஜிகாஹெர்ட்ஸைக் கைவிட்டு 2.4ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். பகலில் அதுவே ஓரளவு போதும். மாலை ஆறு மணிக்கு மேல் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாரும் வந்து சேர்ந்ததும் அந்த மூன்று சேனல்களில் இருபது முப்பது பெட்டிகள் முட்டி மோதத் தொடங்கும். சத்துவாச்சாரியிலாவது வீடுகளுக்கிடையே கொஞ்சம் இடைவெளி உண்டு. சி.எம்.சி.யைச் சுற்றி லாட்ஜுகள் நெருங்கி நிற்கும் தெருக்களிலோ, காட்பாடியில் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்ட அடுக்குகளிலோ போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் விரலால் தள்ளித் தள்ளி முடிவுக்கு வராது. அங்கெல்லாம் 2.4ஐ வாசல் மணிக்கும் கேமராவுக்கும் விட்டுவிட்டு, வேலைக்கு 5ஐ மட்டும் நம்புவதே சரி.

போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு (அதாவது 60, 55 என்று குறைந்த எண்) இருந்தால் வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் அறுந்து அறுந்துதான் வரும். இந்த அளவுகோலில் 10 எண் இறங்கினால் வந்துசேரும் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது. எனவே ஹாலில் மைனஸ் 50 என்றும் மாடியில் மைனஸ் 80 என்றும் காட்டினால், மாடிக்கு வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைக்காரர் சொல்லும் வலுவான ரவுட்டர் இந்த ஆயிரம் மடங்கை ஈடுகட்ட முடியாது. அது வெளியிடும் ஆற்றலுக்கு அரசு விதித்த வரம்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். மேலும் ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் போன் தன் சின்னக் குரலில் சொல்லும் பதில் ரவுட்டருக்குக் கேட்டாக வேண்டும். சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைஃபை 7ஐப் பற்றி ஒரு வார்த்தை. தரம் நல்ல தரம், 2024 ஜனவரியில் சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். அதன் பெருமைகளில் முதன்மையான 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலுக்கு 6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை வேண்டும். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியை வீட்டுக்குள் உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் அடங்கும். விலை மலிவான வைஃபை 7 பெட்டிகள் பலவற்றில் 6 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. பெயர் மட்டும் 7. அந்த ரேடியோ இருந்தாலும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் 5ஐ விடவும் பலவீனமானது. அதாவது, ஒரே அறைக்குள் இருப்பவருக்குப் பயன்படும் தொழில்நுட்பத்தை இரண்டு தடைகளுக்கு அப்பால் இருப்பவருக்கு விற்கிறார்கள். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது எப்படியும் தேவையில்லை.

அதிகம் செலவாகாத ஒரு வழியை முதலில் முயன்று பாருங்கள். உங்கள் வீட்டு மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தால், அந்தப் படிக்கட்டின் மேல்திருப்பத்தில் பெட்டியை மாட்ட முடியுமா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். படிக்கட்டுத் திறப்பில் தளம் இல்லை, ஆகையால் கீழ் ஹாலுக்கும் மாடிக் கூடத்துக்கும் அலை தடையின்றி இறங்கும், ஏறும். ஃபைபரை நீட்டி மறுபடி ஒட்டுவதற்குச் சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, இரும்பு அலமாரிக்குள் வைப்பது, பரணில் பழைய பாத்திரங்களுக்கு நடுவே வைப்பது ஆகிய மூன்றும் கூடாது. ஆன்டெனாவைத் திருப்ப முடிகிற பெட்டியாக இருந்தால், ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கையாகவும் வையுங்கள். நிமிர்ந்த ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் குறைவாகப் பரப்பும். சின்ன வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். உங்கள் பின்பக்க அறைக்கு இது போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அதனால்தான் வயரைச் சொல்கிறேன்.

வயர் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள், ஏனென்றால் ஏமாற்று நடப்பது இங்கேதான். கேட் 6 (லேன் வயரின் தர வகை) என்று உறையில் அச்சிட்ட வயர்களில் பல, அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியவை. கடையிலேயே ஒரு முனையை உரிக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: சுரண்டிய இடமும் சிவப்பாகவே இருந்தால் அது செம்பு, வெள்ளிபோல் பளிச்சென்று வெளுத்தால் அலுமினியம். அலுமினியக் கம்பி இரண்டு மூன்று முறை வளைத்தாலே ஒடியும். கேட் 5இ, கேட் 6 தரவரையறைகள் இரண்டுமே அதை ஏற்பதில்லை. முழுச் செம்பாக இருந்தால் கேட் 5இ வயரே நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தாங்கும். உங்களுக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர் போதும்.

எந்த வழியாக இழுப்பது என்பதை எலக்ட்ரீஷியனிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். சுவருக்குள் பதித்த மின்குழாயில் மின்வயரோடு சேர்த்து இதையும் தள்ளிவிட அவர் யோசனை சொல்வார். அது பாதுகாப்பும் இல்லை, இடையூறும் உண்டு. பழைய டிவி கேபிளுக்காகப் போட்ட குழாய் தனியாக இருந்தால் அதுதான் சரியான வழி. இல்லையென்றால் படிக்கட்டுச் சுவரோரம் வெள்ளை பிவிசி பட்டி அடித்து ஏற்றலாம், பார்வைக்கும் உறுத்தாது. வெளிச்சுவர் வழியாக ஏற்றுவதாக இருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வயராக வாங்கி, குழாய்க்குள் செலுத்த வேண்டும். நம் வெயிலில் சாதாரணச் சாம்பல் உறை சீக்கிரமே வெடித்து உதிர்ந்துவிடும். சோளிங்கர் பக்கத்தில் இருக்கும் உறவினர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு வெயிலைவிடக் குரங்குதான் பெரிய தொல்லை. தொங்கும் எந்த வயரையும் அவை விட்டுவைப்பதில்லை, ஆகையால் அங்கே குழாய் கட்டாயம்.

வயரின் மாடி முனையில் வைக்க வேண்டிய பெட்டிக்கு வருவோம். வாங்கும்போது அட்டையில் பார்க்க வேண்டியவை சிலவே. லேன் துளைகளும், வான் துளையும் (இணையம் உள்ளே வரும் துளை) கிகாபிட் வகையாக இருக்க வேண்டும். இன்றும் மலிவுப் பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் துளையை வைத்துவிட்டு, முகப்பில் ஏசி 1200 என்று பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். அந்த 1200 என்பது 2.4இல் 300ஐயும் 5இல் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு கருவி இரண்டையும் கூட்டி அனுபவிக்க முடியாது, அந்த 867இலும் நடைமுறையில் கைக்கு வருவது பாதி, சற்றுக் கூடுதல். அதையும் 100 எம்பிபிஎஸ் துளை 94இல் நிறுத்திவிடும். இரண்டாவதாக, வைஃபை 6 ஆக இருக்கட்டும். 2019இலிருந்து சான்றிதழ் பெற்று வரும் தரம் அது. இன்று மூவாயிரம் ரூபாய் அளவிலேயே ஏஎக்ஸ் 1500 வகை (ஏஎக்ஸ் என்பது வைஃபை 6இன் குறி) கிடைக்கிறது. பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசும்போது வைஃபை 5ஐ விட ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மூன்றாவதாக, ஆக்ஸஸ் பாயின்ட் பயன்முறை (வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். மகனுடைய லேப்டாப்பில் இருப்பது இரண்டே ஆன்டெனா. ரவுட்டரில் ஆறு நட்டாலும் அது இரண்டு வழியில்தான் பேசும்.

வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தால், புதிது வாங்கும் முன் அதையே மாடியில் வைத்துப் பாருங்கள். ஆக்ஸஸ் பாயின்ட் பயன்முறை அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை: அதன் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி சேவையை (கருவிகளுக்கு முகவரி வழங்குவது) நிறுத்திவிட்டு, அதன் முகவரியைக் கீழ்ப் பெட்டியோடு மோதாதபடி 192.168.1.2 என்று மாற்றி, கீழிருந்து வரும் வயரை வான் துளையில் செருகாமல் லேன் துளை ஒன்றில் செருகினால் அது ஆக்ஸஸ் பாயின்ட் ஆகிவிடும். இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம், கீழ்ப் பெட்டி தன் வேலையைத் தொடர்ந்து செய்வதால் ஆபரேட்டரிடம் பிபிபிஓஇ (இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல் என்று எதையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள், மாடியேறும்போது போன் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும். 2.4இல் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 5இல் 80 போதும்.

வாடகை வீடு, வயர் இழுக்க உரிமையாளர் ஒப்பவில்லை என்றால், வயரில்லாமலே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிப் பரப்பும் மெஷ் பெட்டிகளை நாடலாம். அதிலும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இரண்டாவது மெஷ் பெட்டியை சிக்னல் இல்லாத அறையில் வைத்துப் பயனில்லை. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், உங்கள் வீட்டில் என்றால் படிக்கட்டுத் திருப்பத்தில், வைக்க வேண்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், அதையும் எதிர்பார்த்தே வாங்க வேண்டும். பிளக்கில் செருகும் சின்ன ரிப்பீட்டர்களும் இதே குறையோடு, இன்னும் பலவீனமாக இயங்குகின்றன. சமையலறைக் கேமராவுக்குப் பரவாயில்லை, அலுவலக வேலைக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

பாதுகாப்பில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: வைஃபை பூட்டு முறையாக டபிள்யூபிஏ 2 அல்லது 3, ஆபரேட்டர் வைத்துவிட்டுப்போன நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுவது, கடவுச்சொல் இல்லாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை நிறுத்துவது, வாடகைக்கு இருப்பவருக்கோ விருந்தினருக்கோ தனி கெஸ்ட் வைஃபை. மென்பொருள் புதுப்பிப்புத் தரும் நிறுவனமா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொண்டால் நல்லது.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று வெப்பம். வீட்டு ரவுட்டர்களின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே நிழலிலேயே அந்த 40ஐத் தாண்டிவிடுகிறது. மேல்தளத்தின் கீழே உள்ள மாடியறையில் இரவு பத்து மணிக்கும் தளம் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகையால் மாடிப் பெட்டியை மேற்கூரையோடு ஒட்டி மாட்டாமல், மேசை உயரத்தில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில், நான்கு பக்கமும் இடைவெளி விட்டு வையுங்கள். தகரக் கொட்டகை போட்ட மொட்டைமாடி அறையில் பெட்டியே வைக்க வேண்டாம். மே மாதத்தில் மட்டும் மதியம் இணைப்பு தானே அறுந்து தானே வருகிறது என்று புகார் சொல்பவர்கள், முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் மகனுக்கு விடுப்பு கிடைக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு பெட்டிகளும் அதன் சுற்றில் உள்ள பிளக்கில்தான் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் சுற்று விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே போகிறது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், ஆனால் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவுக்குக் குறையாததாக வாங்குங்கள். 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் கொடுத்தால் அது விட்டுவிட்டு மறுதொடக்கம் ஆகும். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், லேன் வயர் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஇ வகை ஆக்ஸஸ் பாயின்ட்டை மாடிக்கு வாங்கலாம். அப்போது மாடியில் பிளக்கே தேவையில்லை, கீழே ஒரே இடத்தில் வைத்த யுபிஎஸ் இரண்டையும் தாங்கும், ஆக்ஸஸ் பாயின்ட்டைப் பிளக் இல்லாத நடுக்கூடத்திலும் மாட்டலாம்.

ஆபரேட்டரின் அறைக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே தெருவில் இருக்கும் பிரிப்பான் மின்சாரம் இல்லாமலேயே ஒளியைப் பங்கிடும் கண்ணாடிப் பொருள். ஆகவே தெருவில் மின்சாரம் போனாலும் இணைப்பு நிற்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பெட்டிக்கு மின்சாரம் இருந்தும் அது நிற்கிறது என்றால், பெரும்பாலும் ஆபரேட்டரின் அறையில் உள்ள கருவிக்குத்தான் பேட்டரி இல்லை என்று பொருள். வயர் இழுக்கும் செலவுக்கு இறங்குவதற்கு முன், அவருடைய அறையில் எத்தனை மணி நேரத்துக்கு பேட்டரி தாங்கும் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து நீங்கள் வாங்கும் யுபிஎஸ்ஸின் அளவை முடிவு செய்யலாம்.